சீட்டை உயர்த்தலாம், பிரேமை நீட்ட முடியாது: சைக்கிள் அளவுக்கு எந்தக் கணக்கை நம்புவது?

சைக்கிள் கடையில் நின்று "எனக்கு என்ன சைஸ் சரியாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "26 எடுங்கள்" என்றோ "29 எடுங்கள்" என்றோ பதில் வரும். அது சக்கரத்தின் அளவு. மலைச் சைக்கிளின் 29 இன்ச் சக்கரமும் ரோடு சைக்கிளின் 700சி சக்கரமும் ஒரே 622 மி.மீ. ரிம்தான். அதே 29 இன்ச் சக்கரத்தில் 15 இன்ச் பிரேமும் வரும், 21 இன்ச் பிரேமும் வரும். உடம்போடு பொருந்த வேண்டியது பிரேம்.

அந்தக் காலத்துக் கறுப்புச் சைக்கிளில் இந்தக் குழப்பம் குறைவு. பெரும்பாலும் 22 அல்லது 24 இன்ச் பிரேம். சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் போகும் மேல் குழாயான பார் தரைக்கு இணையாகப் போகும். கால் எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தார்கள். பிரேமுக்கு உடம்பைப் பொருத்திக்கொண்ட காலம் அது. இப்போது தேர்ந்தெடுக்க வழியிருக்கிறது. எந்த அளவுகோலை வைத்து என்பதுதான் கேள்வி.

முதல் அளவுகோல், நிறுவனங்கள் தரும் உயர அட்டவணை. 170 செ.மீ. என்றால் எம், 180 என்றால் எல் என்று ஒரே பார்வையில் முடிந்துவிடும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொரு நிறுவனத்தின் எம் ஆகாது. அதைவிடப் பெரிய கோளாறு, ஒரே உயரமுள்ள இருவருக்கு ஒரே உடம்பு இருக்கும் என்று அட்டவணை நினைத்துக்கொள்கிறது.

இரண்டாவது, கவட்டளவுக் கணக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துமே, அந்த அளவுக்கு மேலே அழுத்துங்கள். இங்கே கூச்சப்பட்டு லேசாகப் பிடித்தால் இரண்டு செ.மீ. காணாமல் போய்விடும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தரையிலிருந்து அளக்க வேண்டும். அந்த அளவை 0.66ஆல் பெருக்கினால் ரோடு சைக்கிளின் பிரேம் அளவு, அதாவது சீட் குழாயின் நீளம், செ.மீ.யில் கிடைக்கும். 0.883ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் அச்சான கிராங்க் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரையிலான உயரம். 1986, 1989, 1990 ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட எண் இது. சீட் உயரத்துக்கு இதைவிட எளிய தொடக்கப் புள்ளி எனக்குத் தெரிந்து இல்லை. முழங்கால் வலியோடு ஓட்டுபவர்களில் பலர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் பிரேம் அளவுக்கு இதே கணக்கு கைகொடுக்குமா? 170 செ.மீ. உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கவட்டளவு 78, மற்றவருக்கு 82. கணக்குப்படி முதல்வருக்கு 51.5 பிரேம், இரண்டாமவருக்கு 54. கால் குட்டையான முதல்வருக்கு உடல் நீளம். அவருக்குத்தான் ஹேண்டில்பார் தள்ளி இருக்க வேண்டும். கணக்கோ அவரைச் சின்ன பிரேமில் மடக்கி உட்கார வைக்கிறது. உடல் குட்டையான இரண்டாமவரை நீளமான பிரேமில் எட்டிப் பிடிக்க வைத்துக் கழுத்தையும் உள்ளங்கையையும் நோகடிக்கிறது. இருவருக்கும் நேர்த் தலைகீழ்!

பார் நேராக இருந்த காலத்தில் வேறு வழியில்லை. இறங்கி நின்றால் பார் இடிக்கக் கூடாது என்பதே முதல் நிபந்தனை. 1990களின் பிற்பகுதியில் ஜெயன்ட் நிறுவனத்துக்காக மைக் பர்ரோஸ் வடிவமைத்த டிசிஆர் என்ற ரோடு சைக்கிள், பாரைப் பின்பக்கம் சாய்த்துக் கட்டியது. பிறகு அந்தப் பாணி எங்கும் பரவிவிட்டது. இன்று ரோடு சைக்கிளில் நின்றால் இரண்டு மூன்று செ.மீ., மலைச் சைக்கிளில் ஐந்து செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். பொருந்தாததைக் கழிக்க இந்தச் சோதனை உதவும். பொருந்துவதைக் கண்டுபிடிக்க உதவாது.

அதற்கு மூன்றாவது வழிதான்: ஸ்டாக், ரீச். கிராங்க் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்பக்கக் குழாய்) உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே தள்ளியிருக்கிறது என்பது ரீச். எஸ், எம், எல் என்று என்ன பெயர் வைத்தாலும் இந்த இரண்டு எண்களும் பொய் சொல்லாது. தனித்தனியாகப் பார்த்தால் மட்டும் ஏமாந்துவிடுவோம். ஒரு பந்தயச் சைக்கிளுக்கு ஸ்டாக் 545, ரீச் 385 மி.மீ.; நெடும்பயணச் சைக்கிள் ஒன்றுக்கு 575, 376 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 9 மி.மீ. நீளம் என்று தோன்றும். ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்பேசர் என்ற வளையங்களைப் போட்டு ஹேண்டில்பாரை 10 மி.மீ. உயர்த்தினால் அது சுமார் 3 மி.மீ. பின்னாலும் வந்துவிடும். முதலாவதை 30 மி.மீ. உயர்த்துங்கள், இரண்டும் ஒரே நீளம்.

இந்த முறையின் குறை, அது உங்கள் எண்ணைத் தானாகச் சொல்லாது. வசதியாக ஓட்டிய ஒரு சைக்கிளின் எண்களைக் குறித்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். முதல் சைக்கிள் வாங்குபவர் நண்பருடையதை வாங்கி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, அதன் எண்களை நிறுவனத்தின் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். கடை வாசலில் அடிக்கும் ஒரு ரவுண்டு எதையும் காட்டிக்கொடுக்காது.

என் தேர்வு: சீட் உயரத்துக்குக் கவட்டளவு, பிரேமுக்கு ஸ்டாக்கும் ரீச்சும். அட்டவணையைக் கடைக்குள் நுழையும்வரை மட்டும்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்? சின்னதை எடுத்தால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமை 10 மி.மீ. நீளமாக்கலாம், சீட் போஸ்ட்டை அதில் உள்ள எல்லைக்கோடு வரை உயர்த்தலாம். பெரியதைச் சுருக்க இடம் குறைவு. அதனால் குனிந்து ஓட்டச் சிரமப்படாதவருக்குச் சின்னதே மேல். முதுகு வளையாதவர் அதற்காகப் பெரிய அளவுக்குத் தாவ வேண்டாம்; ரீச்சும் கூடவே வளர்ந்துவிடும். ஸ்டாக் அதிகமுள்ள வேறு மாடலில் அதே அளவைக் கேளுங்கள்.