ஐஎஸ்எஸ் ரிப்பீட்டரா, ஆர்எஸ்-44 சாட்டிலைட்டா?

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசன்ஸ் வாங்கியாச்சு, வானத்துல முதல்ல எதைப் பிடிக்கிறதுன்னு குழப்பமா? ஐஎஸ்எஸ்ங்கிற சர்வதேச விண்வெளி நிலையத்துல இருக்கிற ரிப்பீட்டர் (நம்ம பேச்சை வாங்கித் திருப்பி அனுப்புற கருவி) ஒண்ணு, அதே மாதிரி பேச்சைத் திருப்பி அனுப்புற ஆர்எஸ்-44 சாட்டிலைட் இன்னொண்ணு.

செட்: ஐஎஸ்எஸ்க்கு டூயல் பேண்ட் எஃப்எம் ஹேண்டியும் (ரெண்டு பேண்ட்ல வேலை செய்யுற கை ரேடியோ) கையில பிடிக்கிற சின்ன யாகி ஆன்டெனாவும் போதும், 145.990 மெகாஹெர்ட்ஸ்ல 67 ஹெர்ட்ஸ் டோனோட (ரிப்பீட்டரைத் திறக்க குரலோட சேர்த்து அனுப்புற ஒலி) அனுப்பி 437.800 மெகாஹெர்ட்ஸ்ல கேக்கணும். ஆர்எஸ்-44க்கு எஸ்எஸ்பி (எஃப்எம்மை விட குறைஞ்ச அகலத்துல குரல் அனுப்புற முறை) ரேடியோ வேணும், செலவு எகிறும்.

நேரம்: ஐஎஸ்எஸ் சுமார் 400 கிமீ உயரம்தான், பத்து நிமிஷத்துல ஓடிரும். ஆர்எஸ்-44 ஆயிரம் கிமீக்கு மேல, இருபது நிமிஷம்கூட கிடைக்கும், எட்டுற தூரமும் ஜாஸ்தி.

நெரிசல்: ஐஎஸ்எஸ்ல ஒரே சேனல், சந்தைக்கடைதான் (டாக்கிங், ஸ்பேஸ்வாக் நேரத்துல ஆஃப் வேற பண்ணிருவாங்க). ஆர்எஸ்-44ல 60 கிலோஹெர்ட்ஸ் அகலம், ஒரு ஓரமா நிதானமா அரட்டை அடிக்கலாம், ஆனா டாப்ளர்ல (சாட்டிலைட் ஓடுற வேகத்தால அலைவரிசை மாறுறது) குரல் நழுவிட்டே இருக்கும், பேசிக்கிட்டே ட்யூன் பண்ணணும், அது பழகவே கொஞ்ச நாள் ஆகும்.

கால்சைன் (லைசன்ஸ்ல தர்ற அடையாளக் குறி), கிரிட் (நம்ம இருப்பிடக் குறியீடு) சொல்லி ஒரு கான்டாக்ட் போட்டா போதும்னா ஐஎஸ்எஸ். நின்னு பேசணும்னா ஆர்எஸ்-44.