அவுட்போர்டு மோட்டாரில் கரி: ரிங் ஃப்ரீ, சீ ஃபோம், பவர் டியூன் – எது எதற்கு?

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் கரி எங்கே உட்காருகிறது என்று தெரியாமல் கிளீனர் வாங்கினால் காசுதான் கரையும், கரி கரையாது. டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் பிஸ்டன் தலையிலும், சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் படியும் கரி கண்ணில் படும். ஆளைக் கவிழ்ப்பது கண்ணில் படாத கரி. அது ரிங் காடிக்குள், அதாவது பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளத்துக்குள், ரிங்கின் முதுகுப்பக்கம் இறுகும். இறுகினால் ரிங் விரிந்து சுருங்க இடமில்லாமல் ஜாம் ஆகிவிடும். எரிந்த வாயு பக்கவாட்டில் கசிந்து ஆயில் படலத்தைப் பொசுக்கும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும். ரிங் துண்டு உடைந்து போர்ட்டில் மாட்டினால் அந்த சிலிண்டர் போனதுதான். ஆகவே இந்த மூன்று சரக்கையும் ஒரே கேள்வி வைத்து எடை போடலாம்: ரிங் காடி வரை போய் வேலை செய்கிறதா?

யமஹாவின் ரிங் ஃப்ரீ பிளஸ் பெட்ரோலில் கலந்து ஓட்டுவது. இதில் வேலை செய்வது பாலிஈதர் அமீன் என்ற கழுவுபொருள். எரி அறையின் சூட்டைத் தாங்கி, அங்கே படிந்த கரியிலும் வேலை செய்யக்கூடியது. கார்புரேட்டர் பிசினோடு நின்றுவிடும் சாதாரண கிளீனர்களிடம் இந்தக் குணம் கிடையாது. வழக்கமான அளவு 10 கேலனுக்கு 1 அவுன்ஸ். லிட்டருக்குச் சுமார் 0.8 மில்லி, அதாவது 25 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. 355 மில்லி புட்டி ஏறக்குறைய 450 லிட்டருக்கு வரும். வெகுநாளாகக் கவனிக்காத மோட்டாருக்கு முதல் டேங்கில் இரட்டிப்பு ஊற்றலாம், அதற்கு மேல் ஊற்றிப் பயனில்லை. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஊற்றினால்தான் பலன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களுக்கு இது தேறாது. கரி பிடிக்காமல் தடுப்பதில் மூன்றில் முதலிடம் இதற்குத்தான்.

சீ ஃபோம் வேறு ஜாதி. நாஃப்தா, வெளிர்நிறக் கனிம எண்ணெய், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ந்த கரைப்பான் இது. கார்புரேட்டர் ஜெட்டில் பிடித்த பிசினைக் கரைப்பதிலும், கொஞ்ச நாள் கிடந்த பெட்ரோலால் வரும் திணறலைத் தீர்ப்பதிலும் நன்றாக இருக்கிறது. இறுகிப்போன கரியிடம் ஊறவைத்தால் ஓரளவு பலிக்கும். பெட்ரோலில் கலந்து ஓட்டுவதால் மட்டும் பெரிதாக நடக்காது. அளவும் கவனிக்க வேண்டியது: கேலனுக்கு 1 அவுன்ஸ், லிட்டருக்குச் சுமார் 8 மில்லி. ரிங் ஃப்ரீயைப்போல பத்து மடங்கு. 473 மில்லி டின் 60 லிட்டரில் தீர்ந்துவிடும். இரண்டையும் ஒப்பிடும்போது புட்டியின் விலையைப் பார்க்காமல் எத்தனை லிட்டருக்கு வரும் என்று கணக்குப் போடுங்கள். இதில் எண்ணெய் இருக்கிறதே என்று, டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்குப் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலைக் குறைத்துவிடாதீர்கள்.

பிடித்த கரியை எடுக்கும் வேலைக்கு குயிக்சில்வர் பவர் டியூன் போன்ற ஸ்பிரேதான். காரணம் மோட்டாரின் அமைப்பிலேயே இருக்கிறது. அவுட்போர்டில் கிராங்க் செங்குத்தாகவும் சிலிண்டர் படுத்தும் இருக்கும். பிளக் துளை வழியாகத் திரவத்தை ஊற்றினால் அது சிலிண்டரின் கீழ்ப்பாதியில் தேங்கும், போர்ட் திறந்திருந்தால் வழிந்து ஓடிவிடும். ரிங்கின் மேல்பாதி காய்ந்தபடியே இருக்கும். நுரை சுற்றிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

செய்முறை இப்படி. மோட்டார் தண்ணீரில் அல்லது டிரம்மில் இருக்கட்டும்; தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓடினாலே, குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் பம்பின் இம்பெல்லர் (சுழலும் ரப்பர் இறக்கை) கருகும். நன்றாகச் சூடேறியதும் ஐட்லிங்கைச் சற்று உயர்த்தி, ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாறி மாறி அடியுங்கள். வெள்ளைப் புகை மண்டும், மோட்டார் திணறும். கடைசியில் பலமாக அடித்து அப்படியே நிறுத்துங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றி, துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அடியுங்கள். பிஸ்டன் மேலேறிப் போர்ட்டை மூடியிருக்கும் நிலையில் அடித்தால் நுரை தங்கும். ஃப்ளைவீலைத் திருப்பும்போது கடிகார முள் திசையில் மட்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் இம்பெல்லர் இறக்கை மடங்கிக்கொள்ளும். குறைந்தது சில மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். ஸ்பிரே கிடைக்காமல் சீ ஃபோம்தான் கையில் இருக்கிறதென்றால், மோட்டாரை முழுதாக டில்ட் செய்து ஹெட் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து ஊற்றினால் பிஸ்டன் தலையில் தேங்கி நிற்கும்.

மறுநாள் அவசரம் வேண்டாம். மோட்டாரை இறக்கி, பிளக் இல்லாமலே கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். தேங்கிய திரவத்தோடு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். இழுப்பதற்கு முன், மோட்டாரை நிறுத்தும் சேஃப்டி கயிற்றை உருவி, பிளக் வயரை எர்த் செய்துவிடுங்கள். ஒரு பொறி போதும், உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ள. பழைய பிளக்கையே மாட்டி, லோடில் முக்கால் ஆக்சிலேட்டரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பெயர்ந்த கரி பிளக் இடைவெளியில் மாட்டிக் கெடுக்கும், புதுப் பிளக் அதன்பிறகுதான்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஸ்பிரே அடித்தால் கரைப்பான் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். முடிந்த கையோடு ஆயிலை மாற்றிவிடுங்கள்.

எந்தப் புட்டியும் ஈடுகட்டாத சில தப்புகள் உண்டு. பைக்குக்கு ஊற்றும் டூ-டி ஆயில் அவற்றில் முதலாவது. அதன் உலோகக் கழுவுபொருள் எரிந்து சாம்பலாகப் படியும். தண்ணீரில் குளிரும் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 முத்திரை பெற்ற சாம்பலில்லா ஆயில்தான் வேண்டும். கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்துங்கள். மணிக்கணக்கில் ஸ்லோவில் ஓட்டினால் ஆயில் முழுதாக எரியாது. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இடையிடையே சில நிமிடம் வேகமாக ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் மோட்டார் சூடேறாது, கரி குவியும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகமான புரொப்பெல்லரும் அதே வேலையைச் செய்யும்: முழு ஆக்சிலேட்டரில் கையேட்டில் சொன்ன ஆர்பிஎம் வரவில்லையென்றால் கிளீனர் தேடுமுன் புரொப்பெல்லரைப் பாருங்கள்.

பலன் தெரிய வேண்டுமானால் முன்னும் பின்னும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்து பாருங்கள்: மோட்டார் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்து. சிலிண்டர்களுக்கிடையே 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. பிஸ்டன் தலைக் கரி அளவைக் கூட்டிக் காட்டும், ஜாம் ஆன ரிங் குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் நல்ல அளவு போலவே தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள். ஸ்பிரேயை இரண்டு தடவை ஊறவைத்தும் ஒரு சிலிண்டர் ஏறவில்லையென்றால் மூன்றாவது டின் வாங்காதீர்கள். பிளாக்கை இறக்கி, மரத்துண்டு அல்லது பித்தளையால் கரியைச் சுரண்டி, பழைய ரிங்கின் உடைந்த துண்டால் காடியைச் சுத்தம் செய்து, புது ரிங்கின் வாயைக் காடிப் பின்னில் சரியாக உட்காரவைத்துப் பூட்ட வேண்டியதுதான்.