ஓக்ரகோக் தீவு: கொசுவை மட்டும் கழித்துவிட்டால்

அமெரிக்காவில் வட கரோலினாவின் இந்த மணல்திட்டுத் தீவுக்குப் பாலம் கிடையாது. பக்கத்துத் தீவான ஹேட்டராஸிலிருந்து காரையும் ஏற்றிக்கொண்டு வரும் படகுக்குக் காசில்லை. ஒரு மணி நேரம் காற்று வாங்கலாம். 1823இல் கட்டிய கலங்கரை விளக்கம் குட்டை, மேலே ஏற விடுவதில்லை, சரி. நான் அதிக நேரம் நின்றது பிரிட்டிஷ் கல்லறையில். 1942 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பெட்ஃபோர்ட்ஷயர் கப்பலின் நான்கு பேர், வெள்ளை வேலிக்குள், ஒரு கொடியின் கீழ். கடற்கொள்ளையன் பிளாக்பியர்ட் 1718இல் செத்ததும் இந்தத் தண்ணீரில்தான், அவனுக்குத்தான் கூட்டம். வாடகைக்கு எடுத்த சைக்கிளில் பின் பிரேக்கே இல்லை, கேட்டால் “தரை சமம்தானே” என்றார்கள். அப்புறம், சாயங்காலக் கொசு! முழுக்கைச் சட்டை கட்டாயம்.