கிட் அருமை, கடையும் நல்ல கடைதான், அந்த மேல்தட்டைத் தவிர

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் மேற்குப் பக்கம் உள்ள ஒரு ஹோம்ப்ரூ கடையில்தான் (வீட்டில் பியர் போடும் சாமான் விற்கும் கடை) கூப்பர்ஸ் கம்பெனியின் பியர் கிட் வாங்கினேன், இதுவரை மூன்று தடவை பியர் போட்டாயிற்று. வீட்டில் போடுகிறேன் என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "போலீஸ் பிடிக்காதா?" என்றுதான். கள்ளச்சாராயம், கசிப்பு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

இங்கே பிடிக்க மாட்டார்கள். முன்பெல்லாம் உரிமம் இல்லாமல் 1.15 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் பியர் போடக் கூடாது என்று இருந்தது, 1970-களின் தொடக்கத்தில் பிரதமர் விட்லம் ஆட்சிக்கு வந்த கையோடு அது போனது. இப்போது வீட்டுச் சாமான்களை வைத்து, சொந்த உபயோகத்துக்கு, விற்காமல் போட்டால் உரிமமும் வேண்டாம், கலால் வரியும் கிடையாது.

கிட் பற்றிச் சொல்ல வேண்டும். 1.7 கிலோ டப்பாவைத் திறந்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியான மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு), கரண்டியை விட்டு இறங்கவே இறங்காது. வெந்நீரில் டப்பாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இளகி வரும். அதோடு சர்க்கரை, தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட்டைத் தூவி, லாண்ட்ரி அறையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் மேலே பழுப்பு நுரை நின்றதைப் பார்த்து என் மகள் கத்தியே விட்டாள். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.040-இல் தொடங்கி 1.006-இல் நின்றது, அதாவது ஏறக்குறைய 4.5 சதவீத ஆல்கஹால். 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு சர்க்கரை உருண்டை போட்டு மூடி, சில நாள் கழித்து அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். அப்போதுதான் நம்பிக்கையே வரும்.

வரி எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடை பியரில் முதல் 1.15 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மிச்ச ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 டாலருக்கு மேல் வசூலிக்கிறார்கள். என் 23 லிட்டரையே ஒரு கம்பெனி பாட்டிலில் அடைத்து விற்றால் 46 டாலருக்குக் குறையாமல் வரி கட்ட வேண்டும். நான் கட்டுவது பூஜ்யம். இந்தச் சலுகையை நான் பெரிதாக மதிக்கிறேன், அதனால்தான் "மச்சான், பாட்டிலுக்கு 5 டாலர் தர்றோம், பார்ட்டிக்குப் போட்டுக் குடு" என்று நண்பன் கேட்டபோது காசு வேண்டாம் என்று ஆறு பாட்டிலைச் சும்மாவே கொடுத்தேன். காசு வாங்கிவிட்டால் அது விற்பனை. வரி அலுவலகத்தின் உரிமம், மாநிலத்தின் மது உரிமம் இரண்டும் வேண்டும்.

கடைக்காரர் பொறுமையானவர், இதையெல்லாம் முதல் நாளே நிதானமாகச் சொன்னார், எந்த ஈஸ்ட் எங்கள் வீட்டுச் சூட்டுக்குத் தாங்கும் என்பது வரைக்கும். ஆனால் கிட் அடுக்கியிருக்கும் இடத்துக்கு மேல்தட்டில் சின்ன ஸ்டில்களும் (வடிகலன்கள்), பக்கத்திலேயே விஸ்கி, ரம் எசென்ஸ் குப்பிகளும் இருக்கின்றன. எச்சரிக்கையாக ஒரு வரி கூட இல்லை. 5 லிட்டர் வரை உள்ள ஸ்டிலை அனுமதி இல்லாமல் வாங்கலாம், வைத்திருக்கலாம், தண்ணீர் வடிக்கலாம். சாராயம் என்றால் ஒரு சொட்டு வடிக்கவும் உரிமம் வேண்டும், சொந்த உபயோகம் என்ற பேச்சே அங்கே எடுபடாது. நம் பேச்சில் பியரும் காய்ச்சுவதுதான், சாராயமும் காய்ச்சுவதுதான். சட்டத்துக்குப் புளிக்க வைப்பது வேறு, வடிப்பது வேறு. புதிதாக வந்த ஒருவர் கிட்டையும் ஸ்டிலையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு போனால் அவருக்கு யார் சொல்வார்கள்?

கடைக்காரரிடமே கேட்டேன், ஒரு அட்டை எழுதி வைக்கிறேன் என்றார். போன சனிக்கிழமை அடுத்த டப்பா வாங்கப் போனபோது பார்த்தேன், அட்டை இன்னும் வரவில்லை. கிட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு இப்போதைக்கு நாலு.