டிஸ்க்கா, பதிவிறக்கமா, சந்தாவா: முந்நூறு வெள்ளியை எதில் போடுவது?

பினாங்கில் இருந்துகொண்டு வீடியோ கேம் ஆடுகிறவருக்குப் புதிய பெரிய ஆட்டமொன்றை அடைய மூன்று வழிகள் இருக்கின்றன. பேரங்காடிக் கடையில் டிஸ்க் வாங்கலாம், ஸ்டீம் போன்ற இணையக் கடையில் பணம் கட்டிப் பதிவிறக்கலாம், அல்லது மாதச் சந்தா கட்டி ஆடலாம். மூன்றிலும் ஆட்டம் ஒன்றுதான் என்றாலும், அது பிடிக்காமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது. இந்த வழிகளை நான் விலைச்சீட்டை வைத்து ஒப்பிடுவதில்லை. காசு கைமாறுவதற்கு முன் ஆடிப் பார்க்க விடுகிறார்களா என்பதையே முதலில் பார்க்கிறேன்.

இப்படிக் கணக்குப் பார்க்கக் காரணம் உண்டு. நெடுங்காலம் 60 டாலராக இருந்த பெரிய ஆட்டங்களின் விலை 2020 முதல் 70 டாலராக உயர்ந்தது. 2025இல் வந்த மாரியோ கார்ட் வேர்ல்ட் 80 டாலர். 70 டாலர் என்பது நம் பணத்தில் முந்நூறு ரிங்கிட்டை (பேச்சில் வெள்ளி என்போம்) ஒட்டி வருகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதை வாங்குகிற ஓர் இளைஞருக்கு ஒரே ஓர் ஆட்டம் மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அவ்வளவு பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்வது நியாயமில்லை.

டிஸ்க்கின் பலம் மறுவிற்பனை. 279 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஓர் ஆட்டத்தை மூன்று வாரத்தில் முடித்து 170 ரிங்கிட்டுக்கு விற்றேன். ஆக எனக்கு ஆன செலவு 109 ரிங்கிட். எந்த இணையக் கடையும் புதிய ஆட்டத்துக்கு அந்தத் தள்ளுபடியைத் தராது. ஆனால் டிஸ்க் என்ற நம்பிக்கையே ஏமாற்றக்கூடும். ஜார்ஜ் டவுன் கடையொன்றில் 90 ரிங்கிட்டுக்குப் பழைய ஆட்டமொன்றை வாங்கி வந்து வீட்டில் பெட்டியைத் திறந்தால், உள்ளே டிஸ்க்குக்கு உரிய வட்டப் பள்ளமே இல்லை. யாரோ ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட பதிவிறக்கக் குறியீடு அச்சிட்ட தாள் ஒன்றுதான் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அன்றுமுதல் கல்லாவுக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறேன். டிஸ்க்கே கையில் இருந்தும் பயனற்றுப் போவதும் உண்டு. இணையத்தில் நிறுவனத்தின் சேவையகங்களோடு இணைந்தால்தான் ஓடும் தி குரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் சேவையகங்கள் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டபோது, பதிவிறக்கி வைத்திருந்தவர்களும் டிஸ்க் வைத்திருந்தவர்களும் ஒன்றுபோல இழந்தார்கள்.

ஸ்டீம் ரிங்கிட்டிலேயே விலை காட்டுகிறது; டாலர் மாற்றுக் கணக்கு நம் தலையில் விழுவதில்லை. 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கிய மின்னிலக்கச் சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு ஆகியிருப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விற்பனைக் காலத் தள்ளுபடி வரை காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு இதுவே மலிவான வழி. எனினும் என்னை ஸ்டீமில் நிறுத்தி வைத்திருப்பது விலை அன்று, 2015இல் அவர்கள் கொண்டுவந்த விதி: வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளில் ஒன்றான பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலும் 14 நாள் கெடு உண்டு. ஆனால் ஆட்டம் பழுதாக இருந்தாலொழிய, பதிவிறக்கத்தைத் தொடங்கியதுமே அந்த உரிமை போய்விடுகிறது. ஆடிப் பார்க்காதவரைக்கும்தான் திருப்பித் தரலாம் என்ற இந்த விதியால் வாங்குபவருக்கு எந்தப் பயனும் இல்லை.

அப்படியானால் இரண்டு மணி நேர விதி இருக்கும்போது, ஆட்டத்தின் ஒரு பகுதியை இலவசமாக ஆடிப் பார்க்கத் தரும் டெமோ எதற்கு என்று கேட்கலாம். இரண்டையும் பலமுறை பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. திருப்பித் தரும் விதியில் கடிகாரம் ஆட்டத்தைத் திறந்த நொடியே ஓடத் தொடங்குகிறது. அண்மையில் ஒரு பெரிய ஆட்டத்தைத் திறந்தபோது, என் பழைய கணினி ஷேடர்கள் எனும் காட்சிக்கான சிறு நிரல்களைத் தயார்செய்ய 22 நிமிடம் எடுத்துக்கொண்டது. கதாபாத்திரத்தின் முகத்தையும் முடியையும் தேர்ந்தெடுக்க இன்னும் கால் மணி நேரம் போனது. முதல் சண்டைக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் கரைந்துவிட்டது. நீண்ட ஆட்டத்தை எடைபோட இது போதாது. டிராகன் குவெஸ்ட் பதினொன்று எஸ் என்ற ஆட்டத்தின் டெமோவோ ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆட விடுகிறது, வாங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். 1993இல் டூம் தன் முதல் அத்தியாயத்தின் ஒன்பது கட்டங்களையும் இலவசமாகக் கொடுத்த பெருந்தன்மையின் வாரிசு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. டெமோவில் எந்தப் பகுதியைக் காட்டுவது என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். நம் கணினியில் முழு ஆட்டம் எப்படி ஓடும் என்பதை வாங்கி ஓட்டிப் பார்த்தால்தான் உறுதியாக அறிய முடியும், அதில் திருப்பித் தரும் விதியே மேல். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது பழைய கன்சோல்களில் அது பட்ட பாட்டைக் காட்ட டெமோ எதுவும் இருக்கவில்லை. சில நாளில் பிளேஸ்டேஷன் கடையே அதை விலக்கிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறு ஆட்டத்தை உருவாக்கியவருக்கு அதே விதி கேடு செய்கிறது. முழுவதையும் ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குவோர் உண்டு. அதை நான் தவறு என்றே நினைக்கிறேன். சிறு படைப்பாளிக்கும் வாங்குபவருக்கும் ஒருசேர நீதி செய்வது டெமோதான்.

சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்கான கேம் பாஸ் என்ற மாதச் சந்தா 2022இல் மலேசியாவுக்கு வந்தது. பல ஆட்டங்களை முகர்ந்து பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் ஆட்டங்கள் பட்டியலிலிருந்து வெளியேறும், டிஎல்சி எனப்படும், ஆட்டத்தோடு பிறகு சேர்க்கும் கூடுதல் பகுதிகளுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. ஒரே ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஆடும் என்னைப் போன்றவருக்கு அது ஒத்துவராது.

டிஎல்சி என்று பொதுவாகத் திட்டுவதையும் நான் ஏற்பதில்லை. அதற்குள்ளேயே இரண்டு இனம் உண்டு. 2006இல் ஆப்ளிவியன் ஆட்டத்தில் குதிரைக்குக் கவசம் 2.50 டாலருக்கு விற்றார்கள். அதை வாங்கினால் குதிரை அழகாகும், கதை ஓர் அங்குலமும் நகராது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டுக்கு 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா பொதியோ, ஏறக்குறைய பத்து டாலருக்கு மூன்று புதிய நாகரிகங்களையும் மூன்று படையெடுப்புக் கதைகளையும் தந்தது. அவற்றில் ஒன்று திராவிடர். ஒரு கதை ராஜேந்திர சோழனுடையது. முதன்முறை அதைத் திறந்து, மரம் வெட்டுகிறவனைச் சொடுக்கினேன். அவன் தமிழில் பதில் சொன்னான். ஒலிபெருக்கி சத்தமாக இருந்ததால் அம்மா சமையலறையிலிருந்து, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டார். ராஜேந்திரன் வென்ற கடாரம், எங்கள் வீட்டிலிருந்து கடலைக் கடந்து வடக்கே போனால் வரும் கெடாதான். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களைப் பள்ளிப் பயணத்தில் பார்த்தவன் நான். பத்து டாலருக்கு அந்த மாலை கிடைத்தது என்றால், டிஎல்சி என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் எதிர்ப்பது, இன்னும் உருவாக்கப்படாத டிஎல்சிக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கும் சீசன் பாஸ் வகையைத்தான்.

ஆகவே என் வரிசை: முதலில் டெமோ, டெமோ இல்லையென்றால் ஸ்டீமின் இரண்டு மணி நேரம், கன்சோலுக்கு என்றால் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கிய டிஸ்க். டிஎல்சி என்றால் வெளிவந்து ஆடியவர்கள் பேசிய பிறகே.

இந்தத் தீபாவளிக்கு அக்கா மகன், “மாமா, முந்நூறு வெள்ளிதான், சீசன் பாஸோட சேர்த்துக் கொஞ்சம் கூட வரும்” என்று ஓர் ஆட்டத்தைக் கேட்டான். அக்டோபரில் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழா வரும்போது ஒரு வாரம் டெமோக்களை ஆடிப் பார், அதற்குப் பிறகும் அதுதான் வேண்டும் என்றால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் இப்போதே நான்கு பெயர்களை எழுதி வைத்திருக்கிறான்.