வெனிஸ் வாப்பொரெட்டோ: பாஸ் எடுக்கணுமா, நடந்தே சமாளிக்கலாமா?

வெனிஸ் ஊருக்குள் பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. சாலை பியாட்சாலே ரோமாவோடு நின்றுவிடும், தண்டவாளம் சாந்தா லூசியா ஸ்டேஷனோடு. அதற்கு மேல் நடை, இல்லையென்றால் ஊர்ப் போக்குவரத்து நிறுவனமான ஏசிடிவி ஓட்டும் வாப்பொரெட்டோ படகு. படகு அடிக்கடி வருகிறது, ராத்திரிக்கும் ‘என்’ என்ற தடம் உண்டு. குறை விலையில்தான்.

ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும் (2025 விலை). யூரோவை உத்தேசமாக 100 ரூபாய் என்று வைத்தால் 950 ரூபாய். நம்ம மாநகரப் பேருந்தில் 1000 ரூபாய் பாஸ் எடுத்தால் திருவொற்றியூருக்கும் பாரிமுனைக்கும் மாதம் முழுக்கப் போய்வரலாம். இங்கே ஏறக்குறைய அதே காசுக்கு ஒன்றேகால் மணி நேரம். அதுவும் ஒருத்தருக்கு.

பாஸ் விலை: 24 மணி நேரத்துக்கு 25 யூரோ, 48க்கு 35, 72க்கு 45, ஏழு நாளுக்கு 65. 24 மணி பாஸில் மூன்றாவது சவாரியிலேயே போட்ட காசு வந்துவிடும். 48க்கு நாலு சவாரி, 72க்கு ஐந்து. முப்பது வயது ஆகாதவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடலாம். 6 யூரோவுக்கு ரோலிங் வெனிஸ் அட்டை எடுத்தால் 72 மணி பாஸ் 27 யூரோதான். மொத்தம் 33, அதாவது சாதாரண 48 மணி பாஸைவிடக் குறைவு. வயதுக்கு பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். கவுண்டரில் நாமே கேட்டு வாங்குவது நல்லது.

ஆனால் ஊரைச் சுற்ற மட்டும் பாஸ் எடுப்பது வீண் செலவு. ஸ்டேஷனிலிருந்து சான் மார்கோ சதுக்கத்துக்கு நடந்தால் அரைமணி, நாற்பது நிமிடம். எல்லா நிறுத்தத்திலும் நின்று போகிற 1ஆம் தடப் படகும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் எடுக்கும். சுவரில் ‘பெர் ரியால்தோ’, ‘பெர் சான் மார்கோ’ என்று மஞ்சள் பலகை இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். மேப்பை நம்பிக் குறுக்குச் சந்தில் நுழைந்தால் முடிவில் தண்ணீர் நிற்கும், திரும்பி நடக்க வேண்டியதுதான். பெரிய கால்வாயின் மேல் பாலம் நாலே நாலுதான். பாலம் தூரமாக இருந்தால் ‘த்ராகெட்டோ’ படகில் 2 யூரோ கொடுத்து அக்கரை போகலாம். சுற்றுலாப் பயணிகள் ஏறும் கொண்டோலா என்ற நீளத் துடுப்புப் படகு மாதிரியே இருக்கும், இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பகலில் மட்டும் ஓடும். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ரியால்தோ சந்தைப் பக்கத்து சாந்தா சோஃபியா துறையில் சுலபமாகக் கிடைக்கும்.

கொண்டோலாவே வேண்டும் என்றால் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். இன்னொரு ஜோடி சேர்ந்தால் பாதியாகும், தனிமை போய்விடும். எங்கள் ஓட்டு இரவு 9 மணிக்கு மேல் பியாட்சாலே ரோமாவிலிருந்து கிளம்பும் 1ஆம் தடப் படகுக்கு. முதல் நிறுத்தமே அதுதான் என்பதால் திறந்தவெளி இருக்கை கிடைக்கும். சில படகுகளில் அது முன்பக்கம், சிலவற்றில் பின்பக்கம் மட்டும். ரியால்தோவில் ஏறினால் நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

பாஸுக்கு உண்மையான வேலை தீவுகளில்தான். ஃபொந்தமெந்தே நோவே படகுத் துறையிலிருந்து 12ஆம் தடம் முரானோ தீவு வழியாக புரானோ தீவுக்கு முக்கால் மணி நேரத்தில் போகும். பாஸின் நேரம் வாங்கியதும் ஓடத் தொடங்காது. மெஷினில் முதல்முறை தொடும்போதுதான் தொடங்கும். அதனால் காலை 9 மணிக்குப் புரானோ படகில் தொட்டுவிட்டு, இரவு 1ஆம் தடத்தில் ஒரு சுற்று, மறுநாள் விடிகாலை கூட்டமில்லாத சான் மார்கோவுக்கு இன்னொரு சவாரி என்று வைத்தால் 24 மணி பாஸே போதும். புரானோவிலிருந்து மாலை 4 மணி வாக்கில் திரும்ப நினைக்காதீர்கள், வரிசை நீளும், ஒரு படகு தவறிவிடும். மதியத்துக்கு முன்பே கிளம்புங்கள்.

பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மெஷினில் தொட வேண்டும். மறந்தால் அபராதம், ‘தெரியாது’ என்பது அங்கே செல்லாது. பெரிய நிறுத்தங்களில் ஏ, பி, சி என்று பல துறைகள் இருக்கும், 4.1ம் 4.2ம் ஒரே வட்டத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும், பலகையைப் பார்த்து நில்லுங்கள். காத்திருக்கும் கொட்டகையே மிதக்கிறது, படகு வந்து அணையும்போது ஒரு ஆட்டு ஆட்டும். காசிமேட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா! முதுகுப் பையை மட்டும் கழற்றிக் காலடியில் வையுங்கள்: மற்றவர் மேல் இடிக்காது, பிக்பாக்கெட்டுக்கும் வசதி குறையும்.

தங்குவதற்கு, தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே மலிவு. ரயிலில் பத்து நிமிடம், டிக்கெட் சுமார் ஒன்றரை யூரோ. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்தணும். மெஸ்த்ரே ஊர் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் படகு பாஸ் செல்லும். ஒருநாள் மட்டும் வருகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் வாங்கும் நுழைவுக் கட்டணம் (2025ல் முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10) மெஸ்த்ரேயில் தங்குபவர்களுக்குக் கிடையாது. ஆனால் விலக்குச் சீட்டை ஆன்லைனில் எடுத்து போனில் வைத்திருக்க வேண்டும்.

துறையில் ‘ஷோப்பெரோ’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால் வேலைநிறுத்தம், அன்று தீவுத் திட்டத்தை மாற்றுங்கள். குளிர்காலத்தில் நீர்மட்டம் ஏறினால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாமல் தடம் மாறும். விமான நிலையப் பஸ்ஸும், விமான நிலையத்துக்குப் போகும் அலிலகூனா படகும் இந்த பாஸில் சேராது. அதற்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.