கோடை விடுமுறைக்கு எந்தப் புத்தகம்: ஹார்மரா, பென்னி உர்ரா, பிரபுவா?

ஏப்ரல் கடைசியில் விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பதிவேட்டை ஒப்படைத்த கையோடு ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வரும்: "இந்த லீவுலயாவது உருப்படியா ஒண்ணு வாசிக்கணும் டீச்சர்." குமரி மாவட்டத்தில் மே மாதம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? ஒரு பக்கம் கோயில் கொடை, இன்னொரு பக்கம் கல்யாணம், இடையில் ஏதாவது பயிற்சி. முதல் மழை பிடிக்கும்போது பள்ளியும் திறந்துவிடும். 6 முதல் 8 வரை ஆங்கிலம் எடுக்கும் ஒருவர் ஒரு விடுமுறையில் ஒரு புத்தகத்தை ஒழுங்காக முடித்தாலே பெரிய காரியம். ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஜெரமி ஹார்மர், பென்னி உர், என். எஸ். பிரபு எழுதிய மூன்று புத்தகங்களில் அந்த ஒன்று எது என்பதற்குத்தான் இந்த அலசல். நான் பிரபு பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இலக்கணப் புத்தகங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரென் அண்ட் மார்ட்டின் 1930களிலிருந்து நம்மோடு இருக்கிறது, அதற்கு அறிமுகம் வேண்டாம். மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' மேசையில் இருக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் அது சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்க. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க அல்ல.

ஜெரமி ஹார்மரின் 'தி பிராக்டிஸ் ஆஃப் இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங்' 1983இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2015இல். நானூறு பக்கத்துக்கு மேல் போகும். ஆங்கிலம் கற்பித்தல் என்ற துறை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல புத்தகம் சொல்வது கஷ்டம். பி.எட்., எம்.எட். படிப்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் வாசிக்க வாசிக்க அந்த வகுப்பறை நம்முடையது அல்ல என்று தெரிந்துகொண்டே இருக்கும். மாணவர்களை வரிசையாக உட்கார வைப்பதா, வட்டமாகவா, குதிரை லாட வடிவிலா, தனித்தனி மேசைகளிலா என்று படம் போட்டு விளக்குகிறார். வரிசையாக உட்கார வைப்பதிலும் நன்மை உண்டு என்று நியாயமாகவே சொல்கிறார். நம் வகுப்பில் பெஞ்சை நகர்த்த இடமிருந்தால்தானே மற்றவற்றைப் பற்றி யோசிக்க! விடுமுறையில் பாதி படித்து, ஜூனில் அலமாரிக்குப் போய்விடும் புத்தகம் இது. ஆங்கில வழிப் பிரிவில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே எடுப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகக் கைகொடுக்கலாம்.

பென்னி உர் வேறு மாதிரி. இவர் இஸ்ரேலில் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவே வேலை பார்த்தவர். அது எழுத்தில் தெரிகிறது. 'எ கோர்ஸ் இன் லாங்குவேஜ் டீச்சிங்' 1996இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2012இல். இதில் பெரிய வகுப்பு, பல தரத்து மாணவர்கள் என்ற பிரச்சினைக்கு ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். அதில் வரும் ஒரு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது: பயிற்சியைக் கொடுக்கும்போதே 'இவ்வளவு கட்டாயம், மீதி விருப்பம்' என்று பிரித்துவிடுவது. பத்துக் கேள்வியில் ஐந்தை எல்லோரும் செய்ய வேண்டும், நேரம் மிஞ்சுகிறவர்கள் மேலே போகலாம். முதலில் முடித்த பையன் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவது இதனால் குறைகிறது. மெதுவாக எழுதும் பிள்ளைக்கும் தோற்றுப்போன உணர்வு வராது. ஒரே ஒரு புத்தகம்தான், அதுவும் பாட இலக்கணத்துக்கும் உதவ வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு உர் என்பேன்.

அப்புறம் ஏன் பிரபு? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பள்ளி திறந்த பிறகு அந்தப் புத்தகம் மறுபடி கைக்கு வருகிறதா? விடுமுறையில் வாசிக்கும்போது எல்லாப் புத்தகமும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலையில், இரண்டாவது பீரியடுக்கு மணி அடிக்கப் போகும்போது, எதை நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறோம் என்பதில்தான் இருக்கிறது விஷயம். பல புத்தகங்கள் இந்த இடத்தில் விழுந்துவிடுவதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அவற்றில் உள்ள நல்ல செயல்பாடுகளுக்கு ஜெராக்ஸ் வேண்டும், அட்டை வெட்ட வேண்டும், ஆடியோ வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தாள் வீதம் வாரா வாரம் நகல் எடுக்க யார் பணம் கொடுப்பது? முதல் மாதம் நம் கையிலிருந்து போகும், இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

என். எஸ். பிரபு சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் இன்னும் சில ஊர்களிலும் சாதாரணப் பள்ளிகளில் அவரும் கூட்டாளிகளும் நடத்திய சோதனைதான் பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அந்த அனுபவத்தை 1987இல் 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' என்று புத்தகமாக எழுதினார். மெல்லிய புத்தகம். இலக்கணத்தை விதியாகச் சொல்லிக் கொடுக்காமல், பிள்ளைகளின் கவனத்தை முழுக்கப் பொருளின் மேல் வைத்தால் மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அடிப்படை நம்பிக்கை. அதற்காக அவர் கொடுப்பது கணக்குப் புதிர் மாதிரியான வேலைகள்: வரைபடம், கடிகாரம், நாட்காட்டி, பள்ளிக் கால அட்டவணை, ரயில் நேரம், தூரம், பணம். பின்னிணைப்பில் இந்த வகைகளின் பட்டியலும், நடந்த வகுப்புகளின் எழுத்துப்பதிவும் இருக்கின்றன. எனக்குப் புத்தகத்தின் உயிரே அந்தப் பின்னிணைப்புதான்.

எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். கரும்பலகையில் நாகர்கோவில், இரணியல், குழித்துறை, பாறசாலை, திருவனந்தபுரம் என்று ஐந்து நிலையங்களை எழுதி, இரண்டு ரயில்களுக்கு நானே நேரம் போடுகிறேன். தக்கலையில் இருக்கும் ஒருவர் காலை ஒன்பதரைக்குள் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இருக்க வேண்டும். தக்கலையில் ரயில் நிலையம் கிடையாது, இரணியலுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அவருக்கு எந்த ரயில் கிடைக்கும், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? முதலில் முழு வகுப்போடும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே ஒரு கணக்கை முடிப்போம். பிறகு எண்களை மாற்றி அதே மாதிரி இன்னொன்று, அதை அவரவர் நோட்டில் தனியாக. தேவைப்பட்டது ஒரு சாக்பீஸ். அப்பா அம்மாவோடு மெடிக்கல் காலேஜ் போய்வந்த பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும் என்பதால் விவகாரம் சூடு பிடிக்கும். "சார், டிக்கெட் எடுக்க நேரம் வேண்டாமா?" என்று ஒருவன் தமிழில்தான் கேட்பான். அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிக் கரும்பலகையில் கால் மணி நேரம் கூட்டினால், அடுத்த கணக்கில் அந்த வாக்கியத்தை அவனே சொல்லப் பார்ப்பான்.

வேலையின் கடினத்தை அளக்க பிரபு ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்: வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அளவு சரி. அதற்குக் கீழே போனால் அடுத்த நாள் இறக்க வேண்டும். எல்லோரும் எல்லாமும் செய்துவிட்டால் ஏற்ற வேண்டும். பாடத்திட்டக் குறிப்பு எழுதும்போது எனக்கு இதைவிட உபயோகமான ஒரு வரி வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. இன்னொரு ஆறுதல், குழுச் செயல்பாட்டை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் குறை ஆங்கிலமே படிந்துவிடும் என்ற கவலை. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் குழு, குழு என்று கேட்டுவிட்டு வரும் நமக்கு இது புதிதாக இருக்கும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்து வகுப்பில் குழு பிரித்தால் தமிழும் மலையாளமும்தான் வளரும் என்பது வேறு கதை.

குறைகளும் உண்டு. தேர்வில் வினை வடிவம், முன்னிடைச்சொல் என்று நேரடி இலக்கணக் கேள்விகள் வரும். பிரபுவை மட்டும் நம்பினால் அங்கே அடி வாங்குவோம். பெங்களூர் திட்டத்தை ஆராய்ந்து 1985இல் வெளியான பெரெட்டா – டேவிஸ் மதிப்பீட்டிலும், இலக்கண அமைப்பைச் சோதித்த தேர்வில் வழக்கமான முறையில் படித்தவர்களின் கை ஓங்கியிருந்தது. பிரபு முறை மாணவர்கள் மேலே நின்றது அவர்கள் பழகிய வகைத் தேர்விலும், எந்த முறைக்கும் சாயாத பொதுவான சில தேர்வுகளிலும். அதனால் நான் இலக்கணத்துக்குத் தனி பீரியடு ஒதுக்கி, அங்கே உர் சொல்லும் கட்டாயம் – விருப்பம் முறையை வைத்துக்கொள்கிறேன். ரயில் கணக்கு மாதிரியானவை வளரறி மதிப்பீட்டின் (பருவத்தின் இடையிலேயே மாணவரை மதிப்பிடுவது) (அ) பகுதிக்குச் செயல்பாடாகப் பதிவேட்டில் ஏறிவிடும், தலைமையாசிரியரிடம் தனியாக விளக்க வேண்டியதில்லை. 8ஆம் வகுப்பில் இது ஓடுகிறது என்று தைரியமாகச் சொல்வேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் வாசிப்புப் பயிற்சிதான் வேண்டும், அதற்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கதைகள் போதும்.

கிடைப்பது பற்றி: ஹார்மரும் உர்ரும் ஆன்லைனில் வாங்கலாம். பிரபு புத்தகம் கடையில் லேசில் அகப்படாது. நாகர்கோவில் கல்லூரிகளில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கும் பழைய மாணவர் யாராவது இருந்தால் நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்தில் ஒரு நாள் செலவழிக்கலாம். விடுமுறைக்குள் எதுவும் கைக்கு வராதவர்கள், ஆங்கிலம் கற்பித்தல் பற்றி என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தளத்தில் இலவசம், இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். பிரபு புத்தகம் கிடைத்து, ஆனால் நேரம் குறைவு என்றால் பின்னிணைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். கோட்பாட்டு அத்தியாயங்கள் காலாண்டு விடுமுறை வரை காத்திருக்கும்.